ஒளிரக் கூடாத செல்கள்

மைக்ராஸ்கோப் இருக்கும் இருட்டறையே கதியென்று கிடப்பதால் ஆய்வகத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். அன்று பூனை இருட்டில் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டது.

அவளுடைய ஆராய்ச்சி முழுவதும் ஒரே ஒரு ஆன்டிபாடியை நம்பி நின்றது. செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட புரதம் இருந்தால் ஆன்டிபாடி அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் பச்சையாக ஒளிரும். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல், அந்தப் புரதமே உண்டாகாதபடி மரபணுவை வெட்டியெடுத்த செல்களிலும் போட்டுப் பார்த்தாள். இருட்டாக இருக்க வேண்டியவை பச்சைப்பசேலென்று சிரித்தன. அப்படியென்றால் இத்தனை வருஷமும் ஆன்டிபாடி வேறு எதிலோ போய் ஒட்டியிருக்கிறது. எதில் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

பேராசிரியரிடம் சொன்னாள். அந்த ஆன்டிபாடியை உருவாக்கியவரே அவர்தான். பதவி, பெயர், ஆய்வகம் எல்லாம் அது போட்ட பிச்சை.

“உன் கை சரியில்லம்மா. திரும்பப் பண்ணு. இருட்டா வந்ததும் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடறேன்.”

திரும்பச் செய்தாள். பச்சை. மறுபடியும் பச்சை. வேறு ஆய்வகத்துக்குப் போகலாமென்றால் அதற்கும் அவர்தான் சிபாரிசு செய்ய வேண்டும். விட்டுத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாமென்றால், “எப்பதான்டி முடியும்? கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லியே என் வாய் வலிக்குது,” என்று அம்மா போனில் புலம்புகிறாள். மனுஷி எந்தப் பக்கம்தான் போவாள்?

ஒரு நாள் எரிகிற கண்களோடு குனிந்து பார்த்தபோது, செல்கள் கும்மிருட்டாக இருந்தன. பின்னால் நின்ற பேராசிரியர், “பாத்தியா! நான் சொன்னேன்ல!” என்று சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். அவளுக்கும் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மேசையை ஒழுங்குபடுத்தப் போனவள் ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். ஆன்டிபாடி இருந்த புதுக் குப்பி சீல்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது. களைப்பில் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

“சார், நான் ஆன்டிபாடி போடவே இல்ல.”

அவர் குப்பியை வாங்கிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. கத்தியிருந்தால்கூடத் தேவலை. நகத்தால் சீலைக் கிழித்தார். குப்பியைத் திரும்ப ஐஸில் வைத்தார்.

“இல்லம்மா, நீ போட்ட,” என்றார், கெஞ்சுகிற குரலில். “நல்லா யோசிச்சுப் பாரு. போட்ட.”