மஞ்சள் கிண்ணத்தில் ஒரு துளை

பூவென்று நம்பி மஞ்சள் கிண்ணத்தில் இறங்கும் பூச்சிகள், சோப்புத் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். மதியம் பார்த்த பூச்சிகள் மாலையில் மாயமாகிவிடுவது, காட்டில் பூச்சி ஆய்வுக்கு உதவ வந்திருந்த எனக்குப் புரியவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் நிறைந்திருந்தது.

“நீங்கதான் கிண்ணத்தைத் தட்டி விட்டுட்டு, திரும்பத் தண்ணி ஊத்தியிருப்பீங்க. குழாய் ரிப்பேர் பண்றவங்களுக்குக் காட்டுல என்னக்கா வேலை? நாளைக்கு ஜீப்ல கிளம்புங்க,” என்றார் ஆய்வுத் தலைவர்.

“பூச்சியைக் காட்டாம கிளம்ப மாட்டேன் சார். ஜீப்பை வேணும்னா அனுப்பிக்கோங்க!”

மறுநாள் கொட்டும் மழையில் கிண்ணத்தருகே குந்தினேன். தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்தது. மிதந்த பூச்சிகளும் கூடவே போயின. எத்தனை வாஷ்பேசின் மாட்டியிருப்பேன்!

மாலையில் தலைவர் பதினேழு பூச்சிகளை எண்ணினார். “எப்படிக்கா?”

“வாஷ்பேசின்ல இருக்கிற மாதிரி விளிம்புக்குக் கீழே துளை போட்டு, கொசுவலை ஒட்டினேன். தண்ணி போயிடும், பூச்சி நிக்கும். நானும்தான்.”