மீனுக்கும் புரட்டாசி

1

இந்தக் கதையை நான் அருள்புரத்தில் ஒரு பேக்கரி வாசலில் எடுத்தேன். வீடுகளில் உப்புநீர் மீன்தொட்டி பராமரிக்கும் தௌபிக் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "ஒரு ஊட்டுல மீனுக்கும் புரட்டாசி விரதமுங்க." டீ குடிக்க நின்ற நாலு பேரும் சிரித்தோம். "தீனி போடறது யாருங்க?" என்று கேட்டேன். "வேலைக்கு ஒரு அம்மா இருக்குது. பேரெல்லாம் தெரியாதுங்க." அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராக்கம்மாள் என்பது நான் வைத்த பெயர். இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: நீலக் கடலின் ஒரு துண்டு அந்த வரவேற்பறையில் அசைந்துகொண்டிருந்தது. ராமநாதபுரத்துக் கடற்கரையில் பிறந்த ராக்கம்மாள் அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு—

(விடமாட்டாள். அவளுக்கு அது தினமும் துடைக்க வேண்டிய ஆறடிக் கண்ணாடி.)

மறுபடியும். குமாரவேலின் பனியன் கம்பெனியில் ராக்கம்மாள் பதினொரு வருஷம், தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங்கில் நின்றாள். முட்டி தேய்ந்ததும் முதலாளி வீட்டு வேலைக்கு மாற்றினார்கள். சமையல்கட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தார்கள். வேலை போனால் அறையும் போகும்.

இது போதும்.

3

காலை பத்து மணிக்குத் தீனி. உறைந்த இறாலைத் தொட்டித் தண்ணீரிலேயே இளகவிட்டு, கோமாளி மீன்களுக்குப் பொடியாய்த் தூவுவாள். பூப்போல விரிந்து இரை பிடிக்கும் கடற்சாமந்திக்கும் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுக்கும் நீள இடுக்கியால் ஊட்டுவாள். தொட்டிக்குள் வளரும் சிவப்பு இறாலுக்கும் இறால்தான். "சொந்தக்காரனையே திங்கிற பய" என்று திட்டிக்கொண்டே கொடுப்பாள். எது தின்றது, எது துப்பியது என்பது செக்கிங் கண்ணுக்குத் தப்பாது.

தொட்டி வந்த பிறகு வந்த முதல் புரட்டாசி பிறந்த அன்று குமாரவேலின் மனைவி ஜானகியம்மாள் ஃப்ரீசரைக் காலி செய்தார்.

"இந்த மாசம் கவிச்சி நம்ம ஊட்டுக்குள்ள வரப்படாது."

"மீனுக்குமாம்மா?"

"அதென்ன தனி ஊட்டுலயா குடியிருக்குது?"

(பொட்டலத் தீனி போடலாமே என்பீர்கள். ஜானகியம்மாள் மூக்குக் கண்ணாடி போட்டு உறையைப் படித்தார். மீன்தூள் என்றிருந்தது. அதுவும் வெளியே போனது.)

மிஞ்சியது கடல்பாசித் தாளும் வெந்த பட்டாணியும். மஞ்சள் மீன் ஒன்று மட்டும் ஆசையாய்க் கொறித்தது. மற்றதெல்லாம் வாயில் வாங்கித் துப்பின. ஆர்டர் பேச வெளிநாடு போயிருந்த குமாரவேலிடம் வீடியோ காலில் சொல்லிப் பார்த்தாள்.

"அம்மிணி பேச்சுக்கு நான் குறுக்க வர முடியாது ராக்கம்மா. நான் வர்றப்ப எல்லாம் உசுரோட இருக்கோணும். அவ்வளவுதான்."

4

முதல் வரைவில் ஜானகியம்மாள் கத்துகிறவர். படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது. அதனால் அவருக்கு ஒரு காரணம் கொடுத்தேன்: மூன்று வருஷத்துக்கு முன் ஒரு புரட்டாசியில் குமாரவேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவர் எழுந்து நடந்தால் வருஷம் தவறாமல் விரதம் என்று அன்று நேர்ந்துகொண்டது. எழுந்து நடந்தார்.

எழுதிய பிறகுதான் தெரிந்தது, ராக்கம்மாளின் நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டேன். கோபக்கார முதலாளியம்மாவைச் சமாளித்துவிடலாம். பயந்துபோன முதலாளியம்மாவிடம் எதைப் பேசுவது?

5

மூன்றாம் சனிக்கிழமை. அன்று மாலை குமாரவேல் வந்து இறங்குகிறார். காலையில் கண்ணாடி துடைக்கப் போன ராக்கம்மாள் பார்த்தாள்: சங்கு நண்டு ஒரு நத்தையைக் கவிழ்த்துப் போட்டுப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. கடற்சாமந்தி முஷ்டி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

மண்ணரையில் இருக்கும் தங்கை வேல்விழி வீட்டுக்கு பஸ் ஏறினாள். சங்கதியைக் கேட்ட வேல்விழி, "ஒம் மொதலாளி மீனுக்கு எங்கொழம்பு எறாலா?" என்று சிரித்தாள். சிரித்தாலும் நாலு இறாலை உரித்து டிபன் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

முதலாளி வீட்டுக்குத் திரும்பி, தொட்டித் தண்ணீரைச் சுழலவிடும் அலை மோட்டாரை நிறுத்தினாள். ஓடவிட்டால் தீனி சிதறிப்போகும். ரொம்ப நேரம் நிறுத்தினால் உள்ளே இருப்பவற்றுக்கு மூச்சு முட்டும். இடுக்கியால் ஓர் இறாலைப் பிடித்தபோது பூஜையறையிலிருந்து ஜானகியம்மாள் வந்தார்.

"டப்பால என்ன, ராக்கு?"

6

முடிவு ஒன்று: "சோறும்மா" என்று பொய் சொல்கிறாள். (அடித்துவிட்டேன். இடுக்கி நுனியில் இருப்பது என்ன?)

முடிவு இரண்டு: ஜானகியம்மாள் கண் கலங்கி, "போடு கண்ணு, அதுவும் உசுருதானே" என்கிறார். (எழுதும்போதே கூச்சமாக இருந்தது. செக்கிங் மேசையில் நின்ற யாருக்கும் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.)

முடிவு மூன்று:

"எறாலும்மா," என்றாள் ராக்கம்மாள். "பட்டினி போட்டா சும்மா கெடக்குமா? காலையில நண்டு நத்தையப் பிச்சுத் தின்னுருச்சு. உங்க வெரதம் இந்தத் தொட்டிக்குள்ளயே முறிஞ்சு போச்சும்மா."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, யாரிடம் எதைச் சொல்லிவிட்டோம் என்று. ஜானகியம்மாள் சோபாவில் மெதுவாக உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தார்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. இவ்வளவு நேரம் நீங்கள் ராக்கம்மாள் பக்கம் நின்றீர்கள். அது சுலபம், அவளுக்கு அறை கொடுத்திருப்பது நீங்கள் இல்லை. இப்போது அந்தச் சோபாவில் உட்காருங்கள். உங்கள் புருஷன் விமானத்தில் வந்துகொண்டிருக்கிறார். மோட்டார் நின்றிருக்கிறது. எதிரே ஒருத்தி இடுக்கியைக் கீழே வைக்காமல் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

சொல்லுங்கள்.