காலேஜுக்குப் போன தண்ணீர்

1

சரி, அந்தக் குடத்துக்கே வருகிறேன். ஆமாம், மின்சார ரயிலில் பார்த்த அதே பித்தளைக் குடம். கவரைப்பேட்டையில் ஏறிய ஒரு பெண், துண்டில் சுற்றிய காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விற்கவா என்று எதிர் சீட்டுக்காரர் கேட்டார். "இல்லண்ணா, காலேஜ்ல டெஸ்ட் பண்ண எடுத்துகினு போறேன்" என்றாள். முகத்தில் பரீட்சை முடிந்த களை. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "கும்மிடிப்பூண்டியின் வானம் அன்றும் சாம்பல்..." வேண்டாம். எல்லாரும் வானத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவது: "கார்பன் நானோகுழாய் எனப்படுவது யாதெனில்..." தூக்கம் வருகிறது.

மூன்றாவது: "புவனேஸ்வரி பாட்டில் லேபிளை இரண்டு தடவை படித்தாள்." இது இருக்கட்டும்.

3

புவனேஸ்வரி பாட்டில் லேபிளை இரண்டு தடவை படித்தாள். தண்ணீரில் இருக்கும் உலோகங்களையெல்லாம் ஒரே மூச்சில் காட்டும் கருவியின் முன் நின்றிருந்தாள். வீட்டிலிருந்து அம்மா அனுப்பிய, வடிகட்டிய தண்ணீரில் ஈயம். குடிக்கலாம் என்ற வரம்புக்கு மேலே, நன்றாகவே மேலே.

அவர்கள் வயலுக்குப் பின்னால் பழைய பேட்டரிகளை உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. பட்டறையை மூடிவிட்டார்கள். வீட்டு போர்வெல் தண்ணீரில் ஈயம் மட்டும் தங்கிவிட்டது. காலேஜ் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஆராய்ச்சி மாணவி புவனா, அதை வடிகட்டத்தான் கார்பன் நானோகுழாய்களைக் கடுகளவு மணிகளுக்குள் பொதிந்து, ஒரு பைப்பில் நிரப்பி, சமையலறைக் குழாயில் மாட்டியிருந்தாள்.

(ஓர் அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே: தலைமுடி ஒன்றைப் பல ஆயிரம் கீற்றாகப் பிளந்தால் ஒரு கீற்று எவ்வளவு மெலிசோ, அந்தக் குழாய் அவ்வளவு மெலிசு. அமிலத்தில் ஊறவைத்தால் அதன் மேல்பரப்பு ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்க இடம் தீர்ந்துவிட்டால் ஈயம் தாண்டிப் போய்விடும். புவனாவின் பயமே அதுதான்.)

அந்தத் தண்ணீரைத்தான் அக்கா அருணா குடிக்கிறாள். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

புவனா உடனே போன் போட்டு, கேன் தண்ணீர் வாங்கச் சொன்னாள். அக்கா ஏன் என்று கேட்டாள். "சும்மாதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

4

இந்த இடத்தில் ஒரு வில்லன் வேண்டும் என்று நினைத்து, பட்டறை முதலாளியை வெள்ளை காரில் வரவழைத்தேன். இறங்கினார், கண்ணாடியைக் கழற்றினார், "இங்க பாரும்மா" என்றார். அதற்கு மேல் அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. எனக்கும். திருப்பி அனுப்பிவிட்டேன்.

சந்தேகம் அம்மா மணியம்மாள் மேலும் இருந்தது. இவள் கதைக்குத் தேவையா? பாட்டிலில் தண்ணீர் பிடித்து அனுப்புவது மட்டும்தானே அவள் வேலை? பெயரைக் கோடு போட்டு அடிக்கப் போனேன். பேனா நின்றுவிட்டது [டைப் அடிப்பவனுக்கு ஏது பேனா, விடுங்கள்].

5

புவனா திரையை மறுபடி பார்த்தாள். ஈயத்தோடு செம்பும் துத்தநாகமும் ஏறியிருந்தன. அவர்கள் போர்வெல்லில் அவை இரண்டும் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ம்மா, பாட்டில்ல தண்ணி எப்டி புடிச்ச? நேரா குழாய்லருந்தா?"

"காலேஜுக்குப் போற தண்ணிடி. பெரிய பெரிய சாருங்க பாப்பாங்க. பாத்ரூம் பக்கெட்டுல புடிச்சா குடுப்பாங்க? கல்யாணக் குடத்த எறக்கி, புளி போட்டுத் தேச்சி, ராத்திரி ரொப்பி வச்சி, காலைல பாட்டில்ல ஊத்துனேன்."

"ஓட்டைக்கு ஈயம் வச்சி அடைச்ச குடமா?"

"அதான். பளபளன்னு கீது, வந்து பாரு."

புவனா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "அக்கா அதுல குடிச்சாளா?"

"அவ ஏன்டி அதுல குடிக்கிறா? சில்வர் சொம்ப குழாய்ல காட்டி காட்டி குடிக்கிறா. குடம் பரண்லதான கெடந்துச்சி, உன் காலேஜுக்கோசரம் எறக்குனது."

புவனா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நானும்தான்.

மறுநாள் வீட்டுக்குப் போய், குழாயிலிருந்து நேராக, தன் கையால் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தாள். கருவியில் விட்டாள். ஈயம் தென்படவே இல்லை; முதலில் வந்ததெல்லாம் குடத்திலிருந்துதான். மணிகளில் இன்னும் இடமிருக்கிறது. விஷயத்தைக் கேட்டதும் அருணா சொன்னாள்: "பேஜாரு புடிச்சவளே, சும்மாதான்னு சொல்லி வச்சிட்டியே, நான் தூங்கவே இல்ல. என் புள்ள பொறந்து உன்ன சித்தின்னு கூப்புடாது, பைப்புன்னுதான் கூப்புடும்."

சிரிக்கச் சிரிக்க புவனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

6

முடிவு ஒன்று: எல்லாரும் சிரிக்கிறார்கள், முற்றும். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி முதல் சொட்டுத் தண்ணீர் ஊட்ட அந்தக் குடம்தான் என்று மணியம்மாள் முடிவு செய்துவிட்டாள். பரணில் திருப்பி ஏற்றவும் இல்லை.

முடிவு இரண்டு: குடத்தில்தான் ஈயம் என்ற உண்மையைப் புவனா அம்மாவிடம் சொல்கிறாள், அம்மா... [இந்த வாக்கியத்தை ஆறு விதமாக எழுதி அழித்தேன். காலேஜுக்காகப் புளி போட்டுத் தேய்த்த கையைப் பார்த்து எப்படிச் சொல்வது?]

முடிவு மூன்று, நான் கண்ணால் பார்த்தது: குடம் ரயில் ஏறியது. ஆக, அவள் அம்மாவிடம் ஏதோ சொல்லித்தான் அதை வாங்கி வந்திருக்கிறாள். மீஞ்சூர் வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தும் நான் கேட்கவில்லை. குடத்தைத் தடவிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தாளே, அதனால் சொன்னது நல்லதாகத்தான் இருக்கும்.

நீங்களே சொல்லுங்கள். அடுப்படியில் அம்மா நிற்கிறாள், பளபளவென்று குடம் நடுவில் இருக்கிறது, ரயிலுக்கு நேரமாகிறது. நீங்கள் புவனாவாக இருந்தால், முதல் வார்த்தை என்ன சொல்லியிருப்பீர்கள்?