எட்டு எம்எம் பின்

1.

இந்தக் கதை நானாக எழுத உட்கார்ந்ததல்ல. பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் சென்னியம்மாள் இந்த 1996 புரட்டாசியில் என்னைத் தேடி வந்து, பத்திரிகையில் போட நாலு வரி அறிவிப்பு எழுதித் தரச் சொன்னார். நாலு வரியை யார் படிப்பார்கள், கதையாக எழுதினால் ஊரே படிக்கும் என்று வாயை விட்டவன் நான்தான். கொழுப்பு, வேறென்ன.

2.

தொடக்கம் ஒன்று: லேத்தைப் போலவே அவள் மனமும் சுழன்று சுழன்று... (அடித்துவிட்டேன். சென்னியம்மாள் படித்தால் சிரிப்பார்.)

தொடக்கம் இரண்டு: சென்னியம்மாளுடையதும் சேர்த்து ஏழு சிறு பட்டறைகள் கூடி, ஆளுக்கொரு பாகமாக நிலக்கடலை உடைக்கும் மெஷின் செய்தன. வரைபடம் யாருக்கும் சொந்தமில்லை. கேட்டு வருகிறவருக்கு ஜெராக்ஸ் கொடுத்து, மூன்று நாள் கூடவே வைத்துக்கொண்டு வேலையும் கற்றுக்கொடுத்தார்கள். அவர் தன் ஊரில் செய்யலாம், விற்கலாம். ஒரே நிபந்தனை, அடுத்தவர் கேட்டால் அவரும் அப்படியே கொடுக்க வேண்டும்.

வார்ப்புப் பட்டறை யூனுஸ் இன்னொரு விதியும் வைத்தார். நகல் வாங்குகிறவர் பெயரை எழுதி வைக்கக் கூடாது.

"பேரும் ஊரும் கேட்டுப்போட்டா, நாளைக்கு நாம அவங்களுக்கு மொதலாளி ஆயிருவமுங்க" என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கும் அது அழகான விதியாகத்தான் பட்டது.*

* இப்போதும் அழகுதான். அதுதான் எரிச்சல்.

3.

போன மாதம், அவர்கள் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த மெஷினில் மூடியைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பின் தேய்ந்து முறிந்தது. மூடி பறந்துபோய், உருளை திறந்தபடி சுற்றியது. கையால் கடலையைத் தள்ளிவிடும் இடம் அது. அன்றைக்கு அங்கே யார் கையும் இல்லை.

வரைபடத்தில் பின்னுக்கு எட்டு எம்எம் கனம் என்று அளவு போட்டவர் சென்னியம்மாள். பன்னிரண்டு போட்டிருக்க வேண்டும். எத்தனை நகல் போயிருக்கிறது, எந்தெந்த ஊருக்கு, ஒருவருக்கும் தெரியாது. கடலை உடைக்கும் பருவம் தொடங்க இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. சென்னியம்மாள் பயந்துபோயிருக்கிறார்.

யூனுஸ் வெள்ளகோவில் வரை பஸ்ஸில் போய் விசாரித்து, இரண்டு மெஷின்களைக் கண்டுபிடித்துப் பின்னை மாற்றிவிட்டு வந்தார். இரண்டுமே நகலிலிருந்து எடுத்த நகலைப் பார்த்துச் செய்தவை. அந்த ஆட்களும் வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். பெயர் கேட்கவில்லையாம். விதிப்படி.

4.

முடிவு அ: கையில் கட்டோடு ஒரு பெண் பட்டறை வாசலில் வந்து நின்று... (வேண்டாம். விரலை வெட்டிக் கண்ணீர் வாங்கும் வேலை எனக்கே அலுத்துவிட்டது.)

முடிவு ஆ: செய்தி பரவி எல்லோரும் பின்னை மாற்றிவிடுகிறார்கள். (பொய்.)

இதுவரை எழுதியதைச் சென்னியம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க, கதை நல்லாத்தான் இருக்குதுங்க. எந்தப் பின்னு, எப்படி மாத்தோணும்னு எங்கீங்க எழுதியிருக்கறீங்க?"

எழுதவில்லை. வெட்கமாக இருந்தது.

5.

மூடியின் வலப்பக்கம், கைப்பிடிக்குக் கீழே உள்ள பின். எட்டு எம்எம் என்றால் மெஷினை ஓட்டாதீர்கள். துளையைப் பெரிதாக்கிப் பன்னிரண்டு போடுங்கள். நீங்கள் யாருக்காவது நகல் கொடுத்திருந்தால் அவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. இதைப் படிக்கும்போது உங்கள் களத்தில் மெஷின் சத்தம் கேட்டால், பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள். உருளைப் பக்கம் நிற்பது யார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.