அசையாமல் படுத்திருப்பவள்

1

"மேடம், ஏழாம் எண்ணை நீக்குங்க. அது எங்கம்மா."

இதை ஒருநாளும் கேட்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. போட்டது அம்மா. "அங்க போய் என்னை அம்மான்னு சொல்லிவைக்காதே. உன் படிப்பை விட்டுட்டு என் வேலையத்தான் பாப்பாங்க."

கேட்காத அந்த வாக்கியத்தை எங்காவது கொட்டியாக வேண்டும் என்றுதான் இந்தக் கதை. இதில் 'அவள்' என்று வருவது நான்தான். 'நான்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

2

இரவுப் பணியாளர்களின் பகல்நேர உறக்கம் குறித்த ஆய்வுகள் அண்மைக் காலமாக

(அடித்துவிட்டேன். வீட்டின் முதல் பட்டதாரி பேனாவைத் தொட்டால் கட்டுரைதான் வருகிறது.)

இரவெல்லாம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை இழுத்துப்போட்டுவிட்டு விடியலின் தேவதைபோல அம்மா

(ஐயோ. தேவதையாம். பிளீச்சிங் வாடை அடிக்கும், கால் வீங்கியிருக்கும், அவ்வளவுதான்.)

3

அவள் வேலை செய்த ஆய்வுக்கு ஆள் போதவில்லை. மணிக்கட்டில் ஒரு பட்டை, மெத்தைக்கு அடியில் ஒரு சென்சார் தகடு. பகலில் எவ்வளவு தூங்கினார்கள் என்று இரண்டும் சேர்ந்து சொல்லும். அவள் அம்மாவைச் சேர்த்துவிட்டாள். உறவினரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. உறவு என்று அவள் சொல்லவில்லை.

[விதி மறந்துபோயிற்று என்று எழுதலாம். மறக்கவில்லை. அம்மாவின் உத்தரவு எனக்கும் வசதியாக இருந்தது. அதுதான் வெட்கக்கேடு.]

பதிவுகள் வந்தன. ஆய்வை நடத்தும் மேடம் திரையைத் தட்டிக் காட்டினார். "இந்த ஏழாம் எண்ணைப் பாரேன், கட்டை மாதிரித் தூங்குறாங்க! இவங்களுக்கு முடியுதுன்னா மத்தவங்களுக்கு என்ன வந்துச்சு? நிர்வாகத்துக்கு இதையே முன்னால வைப்போம்."

சலவைக்கூடத்து ஆட்களை நிரந்தரமாக இரவுக்கே போட்டுவிடலாமா என்று நிர்வாகம் கேட்டிருந்தது.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. (இந்த வரியை அடிக்கப் பார்த்தேன். கிடக்கட்டும்.)

4

ஒரு நாள் அவள் நடுப்பகலிலேயே வீட்டுக்கு வந்தாள். ஒற்றை அறை. அம்மா மல்லாந்து, கைகளை உடம்போடு ஒட்டி, விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள்.

"தூங்கலையா?"

"உஷ்! பட்டை கட்டியிருக்கேன்ல. அசைஞ்சா உன் கணக்கு கெட்டுப்போயிடும்."

"தூக்கம் வரலைன்னா எழுந்து உட்காரும்மா. அதைத்தானே அது பாக்கணும்!"

"நல்லாயிருக்கே கதை! எம் பொண்ணு வைக்கிற பரீட்சையில நான் ஃபெயிலாகணுமா? நீ படிக்கிறப்பவும் இதே கட்டில்ல இப்படித்தானே கெடந்தேன். கட்டில் கிரீச்சுன்னா போதும், திரும்பி ஒரு முறை முறைப்பியே, அப்பப்பா!"

[ஒரு வரைவில் இங்கே அம்மாவை அழவைத்தேன். பொருந்தவில்லை. அம்மா சிரித்தாள், வயிறு குலுங்காமல் பார்த்துக்கொண்டு.]

அசையாமல் கிடந்ததையெல்லாம் தூக்கம் என்று எழுதிவைத்திருந்தது பட்டை. பட்டைக்கு என்ன தெரியும்? பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

5

முடிவுகள்.

அ. பட்டை பழுது என்று அவள் பொய் சொல்கிறாள். ஏழாம் எண் போய்விடுகிறது, வேலை தங்குகிறது. அம்மா யாரோ ஒருத்தியாகவே இருக்கிறாள்.

ஆ. அவள் உண்மையைச் சொல்கிறாள். மேடம் கண்கலங்கி அவளைக் கட்டிக்கொண்டு (த்தூ!)

இ.

இ இன்னும் நடக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மேடம் இன்று மதியம் நிர்வாகத்தைப் பார்க்கப் போகிறார். அம்மா படுத்திருக்கிறாள், ஆடாமல் அசங்காமல்.

எழுந்து அம்மாவின் மணிக்கட்டிலிருந்த பட்டையைக் கழற்றினேன்.

"ஏய், என்னடி பண்றே? இன்னும் முடியலையே!"

"முடிஞ்சுபோச்சு. நீ புரண்டு படு."

"சொல்லிடப் போறியா?" எழுந்திருக்கப் பார்த்தாள். "வேண்டாம்டி. உன்னைத் துரத்திவிட்டுடுவாங்க."

"துரத்தட்டும்மா."

பட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினேன். மேடம் என்ன சொல்வார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு நேரமில்லை. முதல் வரி மட்டும் என்னோடு வருகிறது.

வாசலைத் தாண்டும்போது பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. நான் திரும்பவில்லை.