பன்றிக்காக வந்த ஊர்

ஹார்ட்லெப் மறுபடியும் எங்கள் மாவட்ட ஆட்சியர் ஆகிவிட்டார். அதே அலுவலகம், அதே நாற்காலி. சுவரில் இருந்த படம்தான் மாறியிருக்கிறது. நாஜிகள் காலம் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தவர், போரில் தோற்ற பிறகு அமெரிக்கர்களின் முகாமில் கம்பிக்குள் கிடந்தார். வெளியே வந்ததும், நாஜி ஆட்சியில் என்ன செய்தார் என்று விசாரணை. அதில் தப்பியதால்தான் இந்த மறுவாழ்வு.

விசாரணை எங்கள் ஊர் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. நானும் என் கணவர் பெர்ன்ஹார்டோடு போய் உட்கார்ந்தேன். என் தம்பி லூட்கருக்கு வலிப்பு. அப்படிப்பட்ட நோயாளிகளை நாஜிகள் ரகசியமாகக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. நாற்பத்தொன்றில், ஹார்ட்லெப் கையெழுத்துப் போட்ட உத்தரவைக் காட்டி அவனைச் சாம்பல் நிறப் பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். அதற்கு முந்தின நாள் ஹார்ட்லெப்பிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"என் கையில ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மேலிடம்" என்றார்.

நம்பிவிட்டேன். நிமோனியா என்று சொல்லி ஒரு சட்டி சாம்பல் அனுப்பினார்கள். அத்தனை வருஷமும் மேலிடத்தைத்தான் சபித்தேன்.

கூடத்தில் அவருக்காகச் சாட்சி சொல்லப் பெரிய கூட்டம். போர்க்காலத்தில் அனுமதியில்லாமல் பன்றி அறுத்தால் தலையே போகும். முதலில் கறிக்கடை வின்னெமான் எழுந்தார்.

"அறுத்து மாட்டிக்கிட்டேங்க. என் பொண்டாட்டி ஓடிப்போய் இவர்கிட்ட அழுதா. ஒரே ஒரு போன் போட்டார். கேஸே காணாமப் போச்சு. தங்கமான மனுஷன்!"

மாவு மில் கெர்லாக்கும் அதே கதைதான் சொன்னார்.

"மேலிடத்துல இருந்து வந்த ஆளையே, 'நான் பாத்துக்கறேன், நீ கெளம்பு'ன்னு வெரட்டிட்டாருங்க!"

கூடம் சிரித்தது. ஹார்ட்லெப்பும் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். யாரும் கூப்பிடாமலே எழுந்துவிட்டேன்.

"அப்ப உங்களால முடிஞ்சிருக்கு, கலெக்டர் ஐயா. பன்னிக்குப் போட்ட போனை என் தம்பிக்கு ஏன் போடல?"

"உக்காரு ஹெட்விக். ஆறிப்போன சாம்பலப் போய்க் கெளறிக்கிட்டு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

விசாரணைத் தலைவர் மணியை அடித்தார். ஹார்ட்லெப் அவரைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பன்னிக்காக ஊரே வந்து நின்னுச்சும்மா. உங்க தம்பிக்காக வந்தது நீங்க ஒருத்திதான். ஊரு கேட்டிருந்தா செஞ்சிருப்பேன்."

பொய் என்று கத்துவதற்காகக் கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. வின்னெமான் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார்கள். என் பக்கத்திலிருந்து பெர்ன்ஹார்ட் எழுந்தார். அவர் கையைப் பிடித்தேன்.

"ஏங்க, எங்க போறீங்க?"

"லூட்கரைக் கூட்டிட்டுப் போன அந்த வாரம்தான் எங்கண்ணன் கொட்டகையில நாங்க அறுத்த பன்னி மாட்டிக்கிச்சு, ஹெட்டி" என்றார் மெதுவாக. "ரெண்டையும் எப்படி ஒரே ஆள்கிட்ட கேக்கறது?"

என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, சாட்சி சொல்ல முன்னால் நடந்தார்.