குறிப்பேட்டில் ஏறாத கரண்டி

எய்லிவ் ஹோவ்டனின் ரத்தத்தில் மீன் கொழுப்பு இருக்கக் கூடாத அளவுக்கு இருந்தது.

ஆய்வில் எண்பது ஆண்கள். எல்லாருக்கும் புராஸ்டேட்டில் சிறிய புற்றுக்கட்டி. அறுக்காமல் கண்காணித்து வந்தார்கள். பாதிப் பேருக்கு மீன் எண்ணெய் மாத்திரை. மற்றவர்கள் வழக்கம்போல் சாப்பிட வேண்டும், மீன் எண்ணெய் மாத்திரை மட்டும் ஆகாது. உணவில் சேரும் கொழுப்பு கட்டியின் வளர்ச்சியை மாற்றுமா என்று ஒரு வருடம் பார்த்தார்கள். எய்லிவ் மாத்திரை இல்லாத பக்கம்.

"ரத்தம் புடிச்ச குழாய் மாறியிருக்கு," என்றார் ஆய்வுத் தலைவர்.

அன்று இருபத்துநான்கு பேரிடம் ரத்தம் எடுத்துப் பெயர் ஒட்டியவள் ஆய்வுச் செவிலி தூருன். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் அந்த இருபத்துநான்கு பேரையும் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள். அவர்களுடைய ஒரு வருடம் வீண்.

வியாழன் காலை ஊசியை எடுத்துக்கொண்டு படகேறி எய்லிவ் இருக்கும் தீவுக்குப் போனாள். ஜனவரிக் காற்று. கதவைத் திறந்தது எய்லிவின் மனைவி கூட்னி.

சமையலறை மேசையிலேயே எய்லிவிடம் ரத்தம் எடுத்தாள் தூருன்.

"தினமும் சாப்பிட்டது எல்லாத்தையும் குறிப்பேட்டுல எழுதினீங்களா?"

"எத்தன உருளைக்கிழங்குன்னுகூட எழுதியிருக்கேன்."

"நாப்பது வருஷத்துல எனக்கு ஒரு கடுதாசி போட்டதில்ல," என்றாள் கூட்னி. "உருளைக்கிழங்கப் பத்தி நோட்டு நோட்டா எழுதுறாரு."

"மாத்திரை, மருந்து?"

"நீங்கதான வேணாம்னீங்க. தொடவே இல்ல."

தூருன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி. எழுந்ததுலேருந்து என்ன செய்வீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

கூட்னி முந்திக்கொண்டாள். "எந்திரிப்பாரு. ரேடியோவத் திட்டுவாரு. எண்ணெய் ஒரு கரண்டி முழுங்குவாரு. அப்புறம் காப்பி."

"என்ன எண்ணெய்?"

இருவரும் அவளை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

"மீன் ஈரல் எண்ணெய்தான்," என்றார் எய்லிவ். "குளிர்காலம் பூரா ஊரே குடிக்குமே. ஏன், உங்க வீட்டுல இல்லியா?"

இருந்தது. இன்று காலை அவளும் நின்றபடியே ஒரு கரண்டி விழுங்கிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

"அத ஏன் எழுதல?"

"அது என்ன சாப்பாடா, மருந்தா? பல்லு வெளக்குறதையும்தான் எழுதல."

தூருன் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"என்னை ஆய்வுலேருந்து தூக்கிடுவீங்களா?"

"மாட்டோம். அதே பக்கத்துலதான் இருப்பீங்க. கரண்டியையும் சேத்து எழுதிக்குவோம்."

"கட்டி வளரலன்னு போன மாசம் சொன்னாங்க. இந்த எண்ணெயாலயா?"

"தெரியாது. உங்க ஒருத்தர வச்சு சொல்ல முடியாது."

"அப்ப எல்லாரும் இருக்கணும்."

"எல்லாரும் இருக்கணும்."

வெள்ளிக்கிழமை புது ரத்தத்தின் முடிவு வந்தது. பழைய அளவேதான். குழாய் மாறவில்லை. தலைவர் தாளை இரண்டு முறை படித்தார்.

"கரண்டியா?"

"கரண்டிதான்."

"அடச்சே. என் வீட்டுலயும் இருக்கே. குறிப்பேட்டுல என்னென்ன எழுதணும்னு சொன்னதே நான்தான்."

நீக்கும் பட்டியலை நான்காகக் கிழித்தார். தூருன் தன் மேசைக்குப் போய் மாத்திரை இல்லாத மற்ற முப்பத்தொன்பது பேரின் எண்களை எடுத்து வைத்தாள். முதல் ஆள் போனை எடுத்தார்.

"ஒரே ஒரு கேள்வி," என்றாள். "காலையில காப்பிக்கு முன்னால வாயில என்ன போடுறீங்க?"

"ஐயையோ," என்றார் அவர். "அதையும் எழுதணுமா?"

"எழுதணும்," என்றாள் தூருன், பேனாவை எடுத்தபடி.